கடனைக் கைமாற்றுவதா சிக்கனம்?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், நம் மாநிலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் தலைமீதும் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறதாம். 2021 ஆகஸ்டில் அரசே வெள்ளை அறிக்கையில் எழுதியதாம். நான் யாரிடமும் கைநீட்டவில்லை. எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. இது யார் வாங்கிய கடன்? யாருக்காக வாங்கியது?"

அன்று என்னால் அவருக்கு நேரான விடை சொல்ல இயலவில்லை. பல மாதங்கள் அரசாங்கங்களின் வரவு செலவு ஏடுகளைப் புரட்டிய பின்னர் ஒன்று விளங்கிற்று. கடன் எவ்வளவு என்பதைவிட, அது யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே பெரிய கேள்வி. நம் நாட்டில் பற்றாக்குறையைக் குறைப்பதாகச் சொல்லிக்கொண்டு நடைபெறுவதில் பெரும்பகுதி குறைப்பு அன்று, கைமாற்று. மேலே இருப்பவர் தம் ஏட்டிலிருந்து எடுத்துக் கீழே இருப்பவர் ஏட்டில் எழுதிவிட்டு, "நான் சிக்கனக்காரன், அவனே ஊதாரி" என்கிறார். இதை மறுக்கவே இக்கட்டுரை.

இரு வகைப் பற்றாக்குறை

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அரசின் அன்றாடச் செலவு, அதாவது சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகியவை, அதன் வருவாயை மிஞ்சினால் அது வருவாய்ப் பற்றாக்குறை. கட்டடம், பாலம், அணை போன்றவற்றுக்கான செலவையும் சேர்த்துப் பார்த்து, கடன் வாங்கி நிரப்ப வேண்டியிருக்கும் மொத்தத் துண்டு நிதிப் பற்றாக்குறை.

கடன் எல்லாமே கேடு என்று நினைப்பது அறியாமை. கிணறு வெட்டக் கடன் வாங்கியவன் அடுத்த போகத்தில் நெல் காண்பான். கல்யாணப் பந்தலுக்குக் கடன் வாங்கியவன் அடுத்த ஆண்டு வட்டி காண்பான். எனவே பற்றாக்குறை உண்டா என்பதோடு, அது எதற்காக, யார் அடைப்பதற்காக என்றும் கேட்க வேண்டும்.

இந்த ஒழுங்குக்காகவே 2003இல் நாடாளுமன்றம் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தை நிறைவேற்றியது. மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வருவாய்ப் பற்றாக்குறை சில ஆண்டுகளில் அறவே நீங்க வேண்டும். இதுவே அதன் சாரம். கர்நாடகம் 2002இலேயே இத்தகைய சட்டம் செய்தது; தமிழ்நாடு 2003இல் செய்தது. பின்னர், சி. ரங்கராஜன் தலைமையிலான பன்னிரண்டாம் நிதிக்குழு, மாநிலங்களுக்குக் கடன் சலுகை வேண்டுமானால் அவையும் இப்படிச் சட்டம் செய்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் அவ்வாறே செய்தன.

ஊதாரி யார்?

மாநிலங்கள்மீது சாட்டப்படும் குற்றச்சாட்டு நமக்குப் புதிதன்று. இலவசங்களை வாரி இறைத்து வாக்கு வாங்குகிறார்கள், கருவூலத்தைக் காலி செய்கிறார்கள், பின்பு டெல்லிக்குக் கையேந்துகிறார்கள் என்பது அது. 2022 ஜூலையில் பிரதமரே ஒரு விரைவுச் சாலைத் திறப்பு விழாவில் இதை 'ரேவடி' இனிப்பு வழங்கும் பண்பாடு என்று இடித்துரைத்தார். படித்தவர்கள் இதனோடு வள்ளுவரையும் சேர்த்துக்கொள்வர். வரும் வழி சிறிதாயினும் போகும் வழி பெரிதாகாதிருந்தால் கேடில்லை என்று 'வலியறிதல்' அதிகாரத்தில் அவர் சொல்லியிருக்கிறாரே என்பர்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. தமிழ்நாடு 2013-14 முதல் தொடர்ந்து வருவாய்ப் பற்றாக்குறையில் உழன்றதை அந்த வெள்ளை அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. 2020-21இல் அது 61,320 கோடி ரூபாய். அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நட்டம், ஒரு யூனிட் மின்சாரத்தில் 2.36 ரூபாய் நட்டம் என்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் கணக்குச் சொன்னார். தாம் இயற்றிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையே பலமுறை திருத்தி, காலக்கெடுவைத் தள்ளிப்போட்டவர்களும் நம்மவர்களே. அவர்களுக்காக நான் வழக்காட வரவில்லை.

ஆனால் குற்றஞ்சாட்டுபவரின் ஏட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டாமா? பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை 9.2 விழுக்காடு. அது பேரிடர்க் காலம், விட்டுவிடுவோம். அடுத்த ஆண்டு, 2021-22இல், மத்திய அரசின் பற்றாக்குறை 6.7 விழுக்காடு, மாநிலங்கள் அனைத்தும் சேர்ந்து வைத்த பற்றாக்குறை 2.8 விழுக்காடு. மூன்று என்ற வேலிக்குள் நின்றவர் யார், இரு மடங்குக்கு மேல் தாண்டியவர் யார்? 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிக்கச் சொன்ன வருவாய்ப் பற்றாக்குறையை மத்திய அரசு ஒழிக்கவில்லை; 2018இல் அந்த இலக்கையே சட்டத்திலிருந்து ஒழித்துவிட்டது. மாணவன் தேர்வில் தவறினால் பிரம்படி. ஆசிரியர் தவறினால் பாடத்திட்டமே மாறும்!

வள்ளுவரின் அறிவுரை, வரும் வழியும் போகும் வழியும் தன் கையில் இருப்பவனுக்குப் பொருந்தும். இங்கோ வாய்க்காலின் தலைமதகு ஒருவர் கையில், வயல் இன்னொருவருடையது. பதினைந்தாம் நிதிக்குழு காட்டிய கணக்கின்படி 2018-19இல் நாட்டின் மொத்த வருவாயில் சுமார் 62 விழுக்காட்டைத் திரட்டியது மத்திய அரசு. மொத்தச் செலவில் சுமார் 62 விழுக்காட்டைச் சுமந்தவை மாநிலங்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல், பாசனம், குடிநீர் எல்லாம் மாநிலத்தின் பாடு. அப்படியானால், வரும் வழியைச் சுருக்கும் கையைப் பற்றிப் பேசாமல் போகும் வழியைப் பற்றி மட்டும் பேசுவது எந்த ஊர் நியாயம்?

ஹவாலா என்னும் பாடம்

ஆண்டுதோறும் என் மாணவர்களுக்கு ஃபிக்ஹு நூல்களில் நான் நடத்தும் ஒரு பாடம் இங்கே நினைவுக்கு வருகிறது. 'ஹவாலா' என்றால் இன்று தெருவில் கள்ளப் பணப் பரிமாற்றம் என்றே பொருள்கொள்கிறார்கள். சட்ட நூல்களில் அச்சொல்லின் பொருள் வேறு. ஒருவர் தாம் அடைக்க வேண்டிய கடனை மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றுவதே ஹவாலா. அது கூடும், ஆனால் நிபந்தனையோடு கூடும். கடனை ஏற்பவரின் சம்மதம் வேண்டும் என்பர் ஹனஃபி அறிஞர்கள். யார்மீது கடன் மாற்றப்படுகிறதோ அவர், மாற்றுகிறவருக்கு ஏற்கெனவே கடன்பட்டவராக இருக்க வேண்டும் என்பர் ஷாஃபிஈ அறிஞர்கள். இரண்டில் எதைக் கொண்டாலும் அடிப்படை ஒன்றே: வலியவன் தன் சுமையை எளியவன் தோளில் ஏற்றிவிட்டுப் போவதற்கு வழியில்லை.

இந்திய அரசமைப்பை மதரஸாப் பாடநூலால் அளக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கலில் நேர்மை எதுவென்று எல்லாச் சமூகத்தாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இது. அதை வைத்துச் சில நடப்புகளை அளந்து பார்ப்போம்.

முதலாவது, 2020ஆம் ஆண்டின் ஜி.எஸ்.டி. இழப்பீடு. 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு, சேவை வரி வந்தபோது மாநிலங்கள் தங்கள் விற்பனை வரி உரிமையில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தன. அதற்கு ஈடாக, அவற்றின் வருவாய் ஆண்டுக்கு 14 விழுக்காடு வளரும் என்று வைத்துக்கொண்டு, குறைவதை ஐந்தாண்டுகளுக்கு நிரப்பித் தருவதாகச் சட்டமே வாக்களித்தது. 2020இல் பெருந்தொற்று வந்தது. இழப்பீட்டுக்கான மேல்வரி வசூல் வீழ்ந்தது. "இது கடவுளின் செயல்" என்றார் மத்திய நிதியமைச்சர். மாநிலங்களே கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று இரு வழிகள் காட்டப்பட்டன. எதிர்ப்பு வலுத்த பிறகு மத்திய அரசே கடன் வாங்கித் தர முன்வந்தது: 2020-21இல் 1.10 லட்சம் கோடி, 2021-22இல் 1.59 லட்சம் கோடி. ஆனால் எழுதப்பட்ட இடம் எது? மத்திய அரசின் பற்றாக்குறைக் கணக்கில் அன்று. மாநிலங்களின் கணக்கில், அவை பெற்ற கடனாக!

இழப்பீட்டை மேல்வரி நிதியிலிருந்துதான் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தன் பொதுக் கருவூலத்திலிருந்து தர வேண்டியதில்லை என்பது மத்திய அரசின் வாதம். அந்தக் கடன் மாநிலங்களின் சொந்த வருவாயிலிருந்து அடைபடவில்லை, மேல்வரியிலிருந்தே அடைபட ஏற்பாடாயிற்று என்பதும் உண்மை. அதற்காகவே 2022 ஜூனில் முடிய வேண்டிய மேல்வரி 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. ஆயினும் கேட்கிறேன்: வாக்களித்தவர் யார், வாக்குப் பெற்றவர் யார்? கடன்பட்டவர் தம் கடனை, கடன் கொடுக்க வேண்டியவருக்கே மாற்றி எழுதுவதை எந்தச் சட்ட நூல் ஒப்பும்? அதன் பயன், மத்திய ஏட்டில் 2.69 லட்சம் கோடி ரூபாய் குறைவாகத் தெரிந்தது, அவ்வளவே.

இரண்டாவது, பெட்ரோல். நிதிக்குழு பரிந்துரைப்படி மத்திய வரிகளில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு உரியது. ஆனால் 'செஸ்' எனப்படும் மேல்வரியும் 'சர்சார்ஜ்' எனப்படும் கூடுதல் வரியும் இந்தப் பங்கீட்டுக்கு வெளியே நிற்பவை. 2021 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்துக்குப் பின் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு வசூலித்த தீர்வை 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைத் தீர்வை எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 காசு! அதில் 41 விழுக்காடு என்றால் 57 காசு. அந்த 57 காசுதான் எல்லா மாநிலங்களுக்கும் பங்கு. மாநிலங்களும் பெட்ரோல்மீது தம் சொந்த விற்பனை வரியை விதித்தன என்பதை மறைக்கவில்லை. ஆனால் 2011-12இல் மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் சுமார் 10 விழுக்காடாக இருந்த இந்தப் பங்கிடப்படாத வரிகள் 2020-21இல் சுமார் 20 விழுக்காடாக வளர்ந்தன என்பதை யார் விளக்குவது? பந்தியில் "எல்லாருக்கும் சமபங்கு" என்று அறிவித்துவிட்டு, பாதிக் கறியைச் சமையற்கட்டிலேயே ஒதுக்கி வைத்தால் அதற்குப் பெயர் சமபங்கா?

இப்படி ஒதுக்கி வைத்ததில் ஒரு பகுதி, 2020-21 முதல், ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடன் என்ற பெயரில், பல நிபந்தனைகளோடு மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. வட்டியில்லாக் கடன் நல்லதே. ஆயினும், பங்காக வர வேண்டியது கடனாக வந்தால், வாங்குகிறவர் ஏட்டில் அது கடன்தானே?

மூன்றாவது, மறைத்து வைத்த கடன். உணவு மானியத்தை அரசு தன் வரவு செலவுத் திட்டத்தில் முழுமையாகக் காட்டாமல், 2016-17 முதல் இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கச் சொன்னது. கடன் கழகத்தின் பெயரில். சுமை நாட்டின் தலையில். அரசின் பற்றாக்குறையில் மட்டும் அது தெரியாது. 2021 பிப்ரவரியில் இந்தக் கணக்கு திறந்து காட்டப்பட்டது. அவ்வாண்டு உணவு மானியம் முதல் மதிப்பீட்டில் 1.15 லட்சம் கோடியாக இருந்தது, திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடியாயிற்று. பெருந்தொற்றுக் கால இலவச அரிசியும் கோதுமையும் அதில் அடக்கம். ஆனால் பழைய மறைவுக் கடனை அடைத்ததே பெரும்பகுதி. திறந்து காட்டியது நற்செயல், பாராட்டுவோம். ஆனால் மறைத்திருந்த ஆண்டுகளுக்காக யாரேனும் மத்திய அரசின் கடன் வரம்பைக் குறைத்தார்களா?

மாநிலங்களுக்கு நேர்ந்தது வேறு. அரசமைப்பின் 293ஆம் பிரிவின்படி, மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் அதன் சம்மதம் இல்லாமல் புதுக்கடன் வாங்க இயலாது. பாக்கி இல்லாத மாநிலம் ஏது? 2022 முதல், மாநிலங்களின் நிறுவனங்கள் வாங்கிய கடனையும் மாநிலத்தின் கடனாகவே கொண்டு வரம்பில் கழிக்கத் தொடங்கினர். 2021-22இல் வாங்கியதைக் கூட அடுத்தடுத்த ஆண்டுகளின் வரம்பில் கழித்தனர். கேரளம் இதனை எதிர்த்து 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 ஏப்ரல் முதல் நாளில் நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது; எனினும் 293ஆம் பிரிவின் பொருளை ஐந்து நீதிபதிகள் அமர்வு ஆராய வேண்டும் என்று அனுப்பிவைத்தது.

மறைவுக் கடனைக் கணக்கில் சேர்ப்பது சரியே. நான் அதை வரவேற்கிறேன். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். அதை ஓதுகிற ஒருவன் மறைவுக் கடனுக்குப் பரிந்து பேச இயலாது. என் வழக்கு அதுவன்று. இருவருக்கும் ஒரே தராசு வேண்டும் என்பதே என் வழக்கு. தராசும் தன் கையில், சரக்கும் தன்னுடையது என்றால் எடை எப்படிச் சரியாகும்?

நம் மாநிலமும் அப்படியே

இவ்வளவும் படித்துவிட்டு, "டெல்லியைச் சாடிவிட்டார், சென்னை தப்பியது" என்று யாரும் மகிழ வேண்டாம். மாநிலம் டெல்லியிடம் எதைக் குறை சொல்கிறதோ அதையே ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் செய்கிறது.

1992இல் 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் நிறைவேறின. ஊராட்சிகளுக்கு 29 துறைகள், நகராட்சிகளுக்கு 18 துறைகள் என அட்டவணை எழுதினர். வேலையை இறக்கினர், காசை இறக்கவில்லை. ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டின் ஊராட்சிகளுடைய வருவாயில் சொந்த வரியாகக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் என்று காட்டிற்று. மற்றதெல்லாம் மேலேயிருந்து வரும் மானியம். ஊராட்சிகள் பற்றாக்குறை வைப்பதில்லை என்று பெருமை பேசுவார் உளர். கடன் வாங்க வழியில்லாதவனுக்குப் பற்றாக்குறை ஏட்டில் எப்படித் தெரியும்? அது தெருவில் தெரியும். வறண்ட குழாயில், எரியாத விளக்கில், அள்ளாத குப்பையில் தெரியும். கடைமடையின் பற்றாக்குறைக்கு ஏடு கிடையாது.

தமிழ்நாட்டின் வரலாற்றைப் பாருங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. எஞ்சிய ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். அத்தனை ஆண்டுகளும் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் நிதிக்குழு மானியமும் நின்றுபோனது. டெல்லி தரவில்லை என்று சென்னை முறையிட்டது. தேர்தல் நடத்தாதவர் யார் என்று ஊராட்சி யாரிடம் முறையிடும்? 2025 ஜனவரியில் அதே 27 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டனர்.

மின்வாரியத்தின் கதை இன்னொரு பாடம். ஆண்டுக்கணக்கில் கட்டணத்தைத் தொடாமல், நட்டத்தை வாரியத்தின் பெயரில் கடனாகக் குவித்தனர். மாநிலத்தின் பற்றாக்குறை அழகாகத் தெரிந்தது. 2015இல் வந்த 'உதய்' திட்டத்தில் 2017 ஜனவரியில் தமிழ்நாடு சேர்ந்தது. வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநிலம் தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மறைத்து வைத்தது மறைந்தே இருப்பதில்லை. வட்டியோடு திரும்பி வருகிறது.

சொத்து வரியும் அவ்வாறே. வாக்குக்கு அஞ்சிப் பல்லாண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்தனர். வரியை உயர்த்தினால்தான் நகராட்சி மானியம் என்று நிதிக்குழு நிபந்தனை இட்டது. 2022 ஏப்ரலில் ஒரேயடியாக 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தினர். டெல்லி சென்னையைத் தள்ளியது. சென்னை நகராட்சியைத் தள்ளியது. நகராட்சி நம் மளிகைக்கடை நண்பரின் வாசலில் வந்து நின்றது. படிப்படியாக இறங்கிய பற்றாக்குறை கடைசியில் தங்கும் இடம் குடும்பம்தான். அவருக்குக் கீழே தள்ள யாரும் இல்லை.

எதிர்வாதமும் விடையும்

பொருளியல் கற்றோர் ஒரு வாதம் வைப்பர். நாட்டின் கடன் ஒன்றே. எந்த மாநிலம் தவறினாலும் இறுதியில் மத்திய அரசே தாங்க வேண்டும். ஆகவே கடிவாளம் அதன் கையில் இருப்பதே முறை என்பர். ஆளுக்கு ஆள் கடன் வாங்கினால் வட்டி ஏறும், விலைவாசி ஏறும் என்பர். வலுவான வாதம்; மறுக்கவில்லை. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் மூத்தவரின் கணக்கை யார் பார்ப்பது? ஜெர்மனியைப் பாருங்கள். அங்கும் மத்திய அரசு, மாநிலங்கள் என்று அடுக்குகள் உண்டு. 2009இல் கடனுக்குத் தடையை அரசமைப்பிலேயே எழுதினர். அது மத்திய அரசையும் மாநிலங்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. பெருந்தொற்றுக்காக அனுமதிக்கப்பட்ட கடனில் செலவாகாத 6,000 கோடி யூரோவை மத்திய அரசு வேறொரு நிதிக்கு மாற்றியபோது, 2023 நவம்பரில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின் ஆளுங்கூட்டணியே ஆட்டங்கண்டது. அந்தத் தடை மிகக் கடுமையானது என்று குறை கூறுவோர் அங்கே உண்டு. 2025இல் அதைத் தளர்த்தவும் செய்தனர். நான் அந்த அளவைப் பின்பற்றச் சொல்லவில்லை. மேலவர் ஏட்டையும் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஒருவர் அங்கே இருக்கிறார். இங்கே இல்லை என்பதைத்தான் சுட்டுகிறேன்.

இங்கேயும் அத்தகைய ஏற்பாட்டைச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. எந்த அரசையும் சாராத நிதி மன்றம் ஒன்று வேண்டும் என்று 2017இல் என்.கே. சிங் குழு பரிந்துரைத்தது. அதற்கு முன் நிதிக்குழுக்களும் கூறியிருந்தன. பரிந்துரைகள் ஏட்டுச் சுரைக்காயாய்க் கிடக்கின்றன.

வேண்டுவன நான்கு

ஒன்று, பங்கிடப்படாத மேல்வரிக்கும் கூடுதல் வரிக்கும் உச்ச வரம்பு வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு ரூபாயும் தானாகவே பங்கீட்டுக்குள் வர வேண்டும். இரண்டு, உணவுக் கழகமாயினும் கேரளத்தின் உள்கட்டமைப்பு வாரியமாயினும் தமிழ்நாட்டு மின்வாரியமாயினும், அரசு அடைக்க வேண்டிய கடன் அரசின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் ஒரே விதி. மூன்று, மாநிலத்தின் கடன் வரம்பை முடிவுசெய்வது ஓர் அமைச்சகத்தின் கடிதமாக இருக்கக்கூடாது. இரு தரப்பும் நியமித்த, இரு தரப்புக்கும் கட்டுப்படாத மன்றம் அதைச் சொல்ல வேண்டும். நான்கு, மாநிலம் தன் உள்ளாட்சிகளுக்குரிய பங்கைக் குறித்த நாளில் தரவும், குறித்த காலத்தில் தேர்தல் நடத்தவும் வேண்டும். தவறினால், டெல்லியிடம் உரிமை பேசும் தகுதி அதற்கு இல்லை.

இவையெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டியவை. நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? நம் வீடுகளில் கணக்கு எழுதும் பெண்கள் உண்டு. மாதக் கடைசியில் துண்டு விழுந்தால் அதை மூடி மறைக்காமல், "இதற்காக வாங்கினோம், இவ்வளவு பாக்கி" என்று சொல்லும் குடும்பமே நிமிர்ந்து நிற்கிறது. அந்த வழக்கத்தை வாசலோடு நிறுத்த வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்பட வேண்டும். மாநிலத்திடமிருந்து வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எழுந்து நின்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் மஹல்லாவில் ஜமாஅத் கணக்கை முத்தவல்லியிடம் உரிமையோடு கேட்கிறோம். ஊர்க்கணக்கைக் கேட்க மட்டும் கூசுவானேன்? கேட்கும் அதே வாய், வீட்டு வரி பாக்கி வைக்காத வாயாகவும் இருக்க வேண்டும். இலவசம் கேட்டு வாக்களித்துவிட்டுக் கடனைப் பற்றிப் புலம்புகிறவனும் தன் சுமையைத் தன் பேரப்பிள்ளைகள்மீது கைமாற்றுகிறவனே.

மளிகைக்கடை நண்பருக்கு இப்போது விடை சொல்வேன்: "பாய், உங்கள் பெயரில் எழுதப்பட்ட 2,63,976 ரூபாயில் உங்கள் பிள்ளை படித்த பள்ளிக்கூடமும் உண்டு, நீங்கள் ஏறிய பேருந்தும் உண்டு. அதை நாம் அடைப்போம். ஆனால் அதில் பிறர் தம் ஏட்டிலிருந்து அடித்துவிட்டு உங்கள் பெயரில் எழுதியதும் உண்டு. அதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பொதுப் பணம் அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவர் மேல்மாடியில் இருந்தாலும் கீழ்வீட்டில் இருந்தாலும், கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரே."